ரெடிமேட் காயிலா, கையால் சுற்றும் காயிலா: மலையகத்தில் இருந்துகொண்டு எதைத் தேர்வது?

வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வருகிற பையன்களின் பையில் இப்போது சொக்லேட், சென்ட் போத்தலோடு ஒரு வேப்பும் (மின்சிகரெட்) இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இலிருந்து அது சட்டப்படி விற்பனையாவதால் அங்கே காயில் (நிகோட்டின் லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச் சுருள்) தீர்ந்தால் கடைக்குப் போய் அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். அட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வந்து ரெண்டு வாரத்தில் காயில் கருகிவிட்டால் என்ன செய்வது? அப்போதுதான் கேள்வி வருகிறது: "அண்ணா, யாரிடமாவது சொல்லி ரெடிமேட் காயில் கொண்டுவரச் சொல்லவா, இல்லை கம்பி வாங்கி நானே சுற்றப் பழகவா? காற்றைக் கூட்டிக் குறைக்கிற அந்தக் காற்று வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது?"

பதில் சொல்லுமுன் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இது ஏற்கெனவே சிகரெட்டோ பீடியோ குடிக்கிற, 21 வயது தாண்டியவர்களுக்கு எழுதுவது. புகைக்கும் பழக்கமே இல்லாதவர் வேப்பைத் தொட ஒரு காரணமும் கிடையாது. நிகோட்டின் ஒருதரம் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. இரண்டாவது, சட்டம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரத்துக்கான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி புகையிலை கலந்த மின்சிகரெட்டை இலங்கையில் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் தடை. இந்தத் தடைக்குப் பிறகும் டவுனில் ஒளித்து விற்கிற சாமானை வாங்கினால் அதற்கு வாரண்டி இல்லை, லேபிளில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க ஆளில்லை, பேட்டரி போலியாக இருந்தால் திருப்பிக் கொடுக்க இடமும் இல்லை. கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த ஒரு நிலைமையிலிருந்துதான் வருகிறது: பொறுப்பேற்க யாரும் இல்லாத இடத்தில், உங்களால் அளந்து பார்க்க முடியாத விஷயங்கள் எந்த வழியில் குறைவோ அந்த வழியே நல்லது.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

விலையை மட்டும் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் முடிவெடுக்கிறார்கள். கம்பி மலிவு, காயில் விலை கூட, ஆகவே சுற்றலாம் என்று. நான் விலையைக் கடைசியில்தான் வைப்பேன்.

முதலில் பாதுகாப்பு, அதாவது காயிலின் ஓம் (மின்தடை அளவு) எவ்வளவு, பேட்டரி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்பது. அடுத்தது, நீங்கள் சிகரெட்டை விடுவதற்கு அந்த இழுப்பு போதுமா என்பது. போதாவிட்டால் வேப்பும் சிகரெட்டும் சேர்ந்து ஓடும், அதில் ஒரு லாபமும் இல்லை. அப்புறம் நம்ம குளிரும் உயரமும், இதைப் பற்றிக் கொழும்பில் இருக்கிறவர் யோசிக்கவே தேவையில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் லயன் அறையில் கைக்கெட்டாத இடம் என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு, நிகோட்டின் லிக்விட்டைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் பார்த்த பிறகு காசு.

## காயிலுக்கு முன்னால் காற்று

புதிதாக வருகிறவர்கள் காயிலை முடிவு செய்துவிட்டு அப்புறம் காற்று வளையத்தைத் திருகிப் பார்க்கிறார்கள். அது தலைகீழ். எவ்வளவு காற்று இழுக்கப் போகிறீர்கள் என்பதுதான் எத்தனை ஓம், எத்தனை வாட், எவ்வளவு நிகோட்டின் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

இழுப்பு இரண்டு வகை. இறுக்கமான இழுப்பு என்றால் சிகரெட் மாதிரி, முதலில் வாய்க்குள் எடுத்துப் பிறகு நெஞ்சுக்குள் இறக்குவது. இதற்கு ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் காயில், 10 முதல் 18 வாட், சின்னத் துளை. தாராளமான இழுப்பு என்றால் நேரே நெஞ்சுக்குள் மூச்சு மாதிரி இழுப்பது, 0.2 முதல் 0.4 ஓம், 40 வாட்டுக்கு மேல், வளையம் முழுக்கத் திறந்து, மேகம் மாதிரிப் புகை. வீடியோக்களில் வருவது இந்த ரெண்டாவது வகை, அதனால்தான் எல்லாருக்கும் அதன்மேல் ஆசை.

ஆபத்து இரண்டையும் கலக்கும்போது வருகிறது. இறுக்கமான இழுப்புக்காகச் செய்த 20 மில்லிகிராம் நிகோட்டின் லிக்விட்டை (ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு அதிகபட்சமாக அனுமதிப்பதே அவ்வளவுதான்) தாராள இழுப்புக்கான டேங்கில் (லிக்விட் ஊற்றும் தொட்டி) ஊற்றி இழுத்தால் தலை சுற்றும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். தாராள இழுப்புக்கு 3 மில்லிகிராம் போதும். லேபிளை நம்ப முடியாத போத்தலாக இருந்தால் தாராள இழுப்புப் பக்கமே போகாதீர்கள்.

சிகரெட்டிலிருந்து வருகிறவருக்கு என் தேர்வு இறுக்கமான இழுப்புத்தான். நெஞ்சுக்குப் பழகிய விதம் அது, வாட் குறைவு, பேட்டரிக்குச் சுமை குறைவு, லிக்விட்டும் குறைவாகச் செலவாகும்.

வளையத்தைச் சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முக்கால்வாசி மூடிய நிலையில் தொடங்கி, வாட்டைத் தொடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போங்கள். காயிலைக் குளிரவைப்பதே அந்தக் காற்றுத்தான், ஆகவே ஆவி தொண்டையைச் சுடுகிறது என்றால் காற்று போதவில்லை அல்லது வாட் கூட. ருசி நீர்த்துப்போய்ச் சப்பென்றிருந்தால் காற்று அதிகம். கொளகொளவென்று சத்தம் வந்தால் காயிலுக்குள் லிக்விட் தேங்கியிருக்கிறது. வளையம் அளவுக்கு மீறி மூடியிருக்கும்போது உறிஞ்சும் வேகத்தில் லிக்விட்டும் சேர்ந்து வரும், லிக்விட்டைக் காயிலுக்கு ஏற்றுகிற பஞ்சு குறைவாக வைத்திருந்தாலும் இதே கதை. கருகிய ருசி வந்தால் மட்டும் வளையத்தோடு விளையாடாமல் உடனே நிறுத்துங்கள், பஞ்சு காய்ந்துவிட்டது. காய்ந்த பஞ்சில் சூடேற்றினால் ஃபார்மல்டிஹைட், அக்ரோலின் மாதிரியான நஞ்சு உண்டாகும், "இன்னும் ரெண்டு இழுப்பு" என்று இழுக்கிற விஷயம் இல்லை அது.

இனி நம்ம ஊர் விஷயம். கொழும்பில் அரை டேங்க் லிக்விட்டோடு ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினால் பை நனைந்திருக்கும். டேங்க் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டேங்குக்குள் அடைபட்ட காற்று ஏற ஏற விரிந்து, லிக்விட்டைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளுகிறது. மலை ஏறுமுன் டேங்கைக் காலியாக்கிவிடுங்கள், இல்லையென்றால் காற்று மிச்சமில்லாமல் நிரப்பி நிமிர்த்தி வையுங்கள். மேலே வந்து சேர்ந்ததும் மூடியை ஒருதரம் திறந்து மூடினால் அழுத்தம் சமனாகிவிடும்.

குளிரும் சேர்ந்துகொள்ளும். லிக்விட்டில் இருக்கும் கிளிசரின் குளிரில் இன்னும் கெட்டியாகிறது, கெட்டியானது பஞ்சில் மெதுவாகத்தான் ஏறும். தை மாசத்து விடியற்காலையில், 70 சதவீதம் கிளிசரின் உள்ள லிக்விட்டை இறுக்கமான சின்னக் காயிலில் போட்டு அடுத்தடுத்து இழுத்தால் பஞ்சு காய்வது நிச்சயம். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கோலும் பாதிக்குப் பாதி உள்ள லிக்விட் மலைக்குப் பொருந்தும். இழுப்புக்கு இழுப்பு கொஞ்சம் இடைவெளியும் விடுங்கள்.

## முதல் வழி: கம்பனி காயில்

மோடோடு (பேட்டரியும் பட்டனும் உள்ள வேப்பின் உடல்) அல்லது பொட்டோடு (சின்ன வகை வேப்) வருகிற, கழற்றி மாட்டுகிற காயில். ஓம் அதிலேயே அச்சடித்திருக்கும், எத்தனை வாட்டுக்குள் பாவிக்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். பஞ்சு கம்பனியிலேயே சரியாக வைத்தது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை: மாட்டுமுன் பஞ்சு தெரிகிற துளைகளில் சில சொட்டு விட வேண்டும், டேங்கை நிரப்பிப் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் பொறுக்காமல் எரித்த புதுக் காயில்தான் ஊரில் அதிகம்.

மறைந்திருக்கும் செலவு கிடைப்பதில் இருக்கிறது. ஒரு காயில் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஓடும், இனிப்பூட்டிய லிக்விட் என்றால் கருப்பாக அப்பிக்கொண்டு அதற்கும் முன்னாலேயே போய்விடும். உங்கள் மொடலுக்கு உரிய காயில்தான் பொருந்தும், அந்த மொடலைக் கம்பனி நிறுத்திவிட்டால் மோட் நன்றாக இருந்தும் வீண். போலிக் காயிலும் உண்டு. மாட்டியதும் மோடின் திரையில் வருகிற ஓமும் அச்சடித்த ஓமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், 0.1க்கு மேல் வித்தியாசம் என்றால் பாவிக்காதீர்கள்.

ஆறு மாசத்திலோ ஒரு வருஷத்திலோ வேப்பையும் விட்டுவிட நினைக்கிறவருக்கும், வீட்டில் பிள்ளைகள் உள்ளவருக்கும், கண் பார்வை மங்கியவருக்கும் இதுதான் சரி. லிக்விட்டை அடிக்கடி திறக்கத் தேவையில்லை, கம்பித் துண்டு தரையில் கிடக்காது. காயில் வாங்கும் செலவுதான் இதன் குறை, ஆனால் விடப்போகிற பழக்கத்துக்கு சாமான்கள் வாங்கிக் குவிப்பதைவிட அது குறைவாகவே முடியும்.

## இரண்டாவது வழி: சுற்றி வாங்கிய காயில், பஞ்சு மட்டும் நம்ம கையால்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கோ மிகவும் பிடித்தது. காயில் மாட்டும் தட்டோடு வருகிற டேங்க் ஒன்று, அதற்குப் பத்துப் பத்தாகப் பக்கட்டில் வருகிற, ஏற்கெனவே சுற்றிய காயில்கள். இரண்டு திருகைத் தளர்த்தி, காயிலின் கால்களைச் (கம்பி நுனிகளை) செருகி, இறுக்கி, மிச்சக் காலை வெட்டிவிட்டுப் பஞ்சை நுழைக்க வேண்டியதுதான்.

கம்பி எந்த உலோகம், எத்தனை ஓம் என்று பக்கட்டில் இருக்கும், ஆகவே அளக்க முடியாத விஷயம் பெரும்பாலும் இல்லை. ஒரே காயிலைத் தண்ணீரில் கழுவி, பஞ்சை மட்டும் மாற்றிப் பல வாரம் ஓட்டலாம். கைக்குப் பழக்கமும் வரும்: திருகு எவ்வளவு இறுக்க வேண்டும், பஞ்சு எவ்வளவு என்பதை இதிலேயே கற்றுக்கொண்டு பிறகு கம்பிக்குப் போகலாம்.

மறைவுச் செலவு, பக்கட்டில் அலங்காரமாகப் பின்னிய காயில்களை வாங்கிவிடுவது. அவை தாராள இழுப்புக்கானவை, 0.2 ஓம், 0.15 ஓம் என்றிருக்கும். இறுக்கமான இழுப்புக்காரருக்கு ஒற்றைக் கம்பியில் சுற்றியது மட்டும் போதும்.

## மூன்றாவது வழி: கம்பியிலிருந்து நாமே

இதில்தான் ஆசையும் அதிகம், தவறும் அதிகம்.

கம்பி எது என்பதில் தொடங்குவோம். புதியவருக்குக் கந்தால் போதும். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை, சூட்டில் ஓம் அவ்வளவாக மாறாது. நைக்ரோம் 80இல் எண்பது பங்கு நிக்கல், சீக்கிரம் சூடாகும், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் தவிர்க்க வேண்டும். சுத்த நிக்கலும் டைட்டானியமும் வெப்பக்கட்டுப்பாடு உள்ள மோடுக்கு மட்டும், அவற்றைப் பஞ்சில்லாமல் செந்தணலாக எரிக்கவே கூடாது. பழைய ஹொட்பிளேட்டிலிருந்து உருவிய கம்பி, கட்டுக்கம்பி இவற்றைத் தொடவே வேண்டாம். முதலாவது என்ன கலவை என்று யாருக்கும் தெரியாது, இரண்டாவதில் துத்தநாகப் பூச்சு இருந்தால் சூட்டில் நச்சுப் புகை வரும்.

28 கேஜ் (கம்பியின் தடிப்பைச் சொல்லும் எண்) கந்தாலை, 2.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோலில் அல்லது சின்னத் திருப்புளித் தண்டில் ஆறு சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.16 ஓம், கால்களையும் சேர்த்தால் 1.1 ஓம் பக்கம் வரும். இறுக்கமான இழுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. தட்டில் மாட்டியபின் காயில் காற்றுத் துளைக்கு நேர்மேலே, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். துளையிலிருந்து விலகி நின்றால் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து மறுபக்கம் கருகும். காயில் டேங்கின் சுவரையோ தட்டையோ தொட்டால் சோர்ட், அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் பட்டனை அமுக்காதீர்கள்.

பஞ்சு வைக்குமுன் 10 வாட்டில் விட்டு விட்டு அமுக்குங்கள். நடுவிலிருந்து சிவந்து ஓரங்களுக்குப் பரவினால் சரி. ஒரு கால் மட்டும் முதலில் பளிச்சென்று சிவந்தால் திருகு தளர்ந்திருக்கிறது அல்லது சுற்றுகளுக்கிடையே இடைவெளி சமமில்லை. திருகை இறுக்கி, பீங்கான் முனை உள்ள சாமணத்தால் மெதுவாக நெருக்கிவிடுங்கள். அப்புறம் ஆறவிட்டு ஓமைத் திரும்பவும் பாருங்கள், முதல் சூட்டுக்குப் பிறகு திருகு கொஞ்சம் தளர்வது வழக்கம்.

பஞ்சில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். குத்துவிளக்குத் திரி மாதிரித்தான் இதுவும் வேலை செய்கிறது, முறுக்கித் திணித்தால் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். காயிலுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், காயில் கூடவே இழுபட்டு வளையக் கூடாது. வால்களை வெட்டி, நுனியைச் சிலுப்பி, தட்டின் அடியை மட்டும் தொடுகிற அளவுக்கு வையுங்கள், துளைக்குள் அடைக்க வேண்டாம். நம்ம குளிருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிதாகவே வைக்கலாம், கெட்டி லிக்விட் சுலபமாக ஏறும். பஞ்சு வெளுக்காத சுத்தப் பருத்தியாக இருக்கட்டும், மருந்து தோய்த்த டிஸ்பென்சரிப் பஞ்சு ஆகாது.

இனி ஓமும் பேட்டரியும். முழுக்க ஏற்றிய ஒரு 18650 பேட்டரி (மோடுக்குள் போடுகிற உருளை வடிவ லித்தியம் பேட்டரி) 4.2 வோல்ட். அதை நேரே காயிலுக்குக் கொடுத்தால்:

| காயில் | ஆம்பியர் | வாட் |
|---|---|---|
| 1.1 ஓம் | 3.8 | 16 |
| 0.5 ஓம் | 8.4 | 35 |
| 0.2 ஓம் | 21 | 88 |
| 0.1 ஓம் | 42 | 176 |

சாம்சங் 25ஆர் மாதிரி நல்ல அசல் பேட்டரியே தொடர்ந்து 20 ஆம்பியர்தான் தரும். கடைசி இரண்டு வரியிலும் பேட்டரி தன் எல்லையைத் தாண்டிவிட்டது. 40 ஆம்பியர், 9,000 மில்லி ஆம்பியர் மணி என்றெல்லாம் எழுதிய 18650 கிடைத்தால் அது பொய், அந்த அளவுப் பெட்டிக்குள் அவ்வளவு அடங்காது. மின்பலகை (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்கியூட்) உள்ள மோடில் கணக்கு வாட்டை வைத்துத்தான். ஒற்றைப் பேட்டரியில் 15 வாட் என்றால் ஐந்து ஆம்பியர் சுமாருக்கு நிற்கும், பேட்டரி சுகமாக இருக்கும்.

டவுனில் வாங்கும் மலிவு மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் வயர்களுக்கே சில தசம ஓம் உண்டு, முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள், பூச்சியம் வராது. 0.2க்கும் 0.5க்கும் உள்ள வித்தியாசத்தை அது நம்பகமாகச் சொல்லாது. ஓம் காட்டுகிற, சோர்ட் ஆனால் தானே நின்றுவிடுகிற மோட் இல்லாமல் கம்பி சுற்றவே தொடங்காதீர்கள். உள்ளே மின்பலகையே இல்லாத மெக்கானிக்கல் குழாய் மோட் மலிவாகக் கிடைத்தாலும் புதியவருக்கு அது ஒரு தெரிவே இல்லை; தவறு நடந்தால் நிறுத்த அதற்குள் எதுவும் கிடையாது.

கம்பி மலிவு என்பது உண்மை, ஒரு சுருளில் மாதக்கணக்கில் காயில் வரும். ஆனால் அதோடு மோட், டேங்க், சாமணம், வெட்டுக் குறடு, பஞ்சு, நல்ல பேட்டரி, பேட்டரிக்குப் பிளாஸ்டிக் பெட்டி (சாவிக்கொத்தோடு ஜேப்பில் போட்டால் சோர்ட் ஆகித் தீப்பிடிக்கும்), வெளிச் சார்ஜர் எல்லாம் சேரும். சார்ஜ் போட்டுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போவதும் கூடாது. லிக்விட்டையும் வீட்டிலேயே கலக்கலாம் என்று அடுத்த ஆசை வரும். வேண்டாம். கேக் எசன்ஸ், எண்ணெய் கலந்த வாசனை எதுவும் நுரையீரலுக்குப் போகக் கூடாது. 2019இல் அமெரிக்காவில் பலர் நுரையீரல் பாதித்து ஆஸ்பத்திரியில் விழுந்தபோது, பெரும்பாலும் கஞ்சாச்சத்து லிக்விட்டில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளைத்தான் முக்கிய காரணமாகக் கண்டார்கள்.

கைவேலையில் பொறுமை உள்ளவர், ஓம் விதியை (வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்) வைத்துத் தானே கணக்குப் போடத் தெரிந்தவர், நல்ல மோட் ஏற்கெனவே கையில் இருப்பவர், உள்ளே பிள்ளைகள் புழங்காத தனி மேசை ஒன்று உள்ளவர் இவர்களுக்கு மூன்றாவது வழி நல்லது. காசு மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறவருக்கு இல்லை.

## காயிலே வேண்டாம் என்றால்

இதையும் மற்ற வழிகளோடு சமமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். புகைப்பதை நிறுத்த 1948 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். நிகோட்டின் சூயிங்கம் 2, 4 மில்லிகிராமில் வருகிறது, பார்மசியில் விசாரியுங்கள். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிறவருக்கு 4, மற்றவருக்கு 2. சாதாரணச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் வேலை செய்யாது; காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். கோப்பி, சோடா மாதிரிப் பானங்களைக் குடித்தவுடன் போட்டால் நிகோட்டின் சரியாக ஊறாது. பேட்டரி இல்லை, ஒழுகல் இல்லை, சுங்கத்தில் பயம் இல்லை. கைக்கும் வாய்க்கும் இருக்கும் பழக்கத்தை இது நிரப்பாது, அதுதான் இதன் குறை.

வேப்பிலேயே இருந்துகொண்டு நிகோட்டினைப் படிப்படியாக இறக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 மில்லிகிராமிலிருந்து 6க்கு இறங்கியதும் உடம்பு பழைய அளவைக் கேட்கும், கை தானாகவே வளையத்தைத் திறக்கும், வாட்டைக் கூட்டும், அதே நிகோட்டின் வேறு வழியாக உள்ளே போய்விடும், கூடவே லிக்விட் செலவும் இரட்டிப்பாகும். ஆகவே அளவை இறக்குகிற நாளில் வளையம் நிற்கிற இடத்தை ஒரு பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், வாட்டையும் பூட்டிவிடுங்கள். ரெண்டு மூன்று வாரம் அந்தக் கோட்டிலேயே நின்ற பிறகு 3க்குப் போகலாம்.